இரத்தத்தில் கொலஸ்டிரால்: குறைப்பதும் குறைந்த நிலையில் காப்பதும்

கிராமங்களிலும் நகரக் குடியிருப்புகளிலும் பணிபுரியும் சுகாதார ஊழியரிடம் மக்கள் கேட்கும் வினாக்களுள் இரண்டு அடிக்கடி எழுவன. "நெய்யையும் முட்டையையும் அடியோடு விட்டுவிட்டேன், ஆயினும் கொலஸ்டிரால் ஏன் இறங்கவில்லை?" என்பது ஒன்று. "மாத்திரை சாப்பிட்டு எண் சரியான அளவுக்கு வந்துவிட்டது, இனி நிறுத்திவிடலாமா?" என்பது மற்றொன்று. முதல் வினாவைக் கேட்பவர் மனம் சலித்துப் பழைய உணவுக்கே திரும்புகிறார். இரண்டாவது வினாவைக் கேட்பவரோ பெரும்பாலும் விடைக்குக் காத்திராமலே மாத்திரையை நிறுத்திவிடுகிறார். வலி, காய்ச்சல், களைப்பு ஆகிய எந்த அறிகுறியும் இல்லாத குறைபாடாகையால், நிறுத்திய மறுநாளும் மறுமாதமும் அவருக்கு ஒரு வேறுபாடும் தெரிவதில்லை. மாரடைப்பு நேர்ந்த பின்னரே அது தெரிய வருகிறது. இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றே. அது ஈரலின் தொழிலைப் பற்றியது.

கொலஸ்டிரால் என்பது யாது?

கொலஸ்டிரால் நஞ்சன்று. மெழுகை ஒத்த வெண்ணிறப் பொருள், நீரில் கரையாதது. உடலிலுள்ள ஒவ்வோர் உயிரணுவின் சவ்விலும் அது உண்டு. ஆண், பெண் தன்மைக்குரிய ஹார்மோன்களும், வெயில் படும்போது தோலில் உண்டாகும் வைட்டமின் டி-யும், கொழுப்பைச் செரிக்கச் செய்யும் பித்த அமிலங்களும் இதன் வழியிலேயே உருவாகின்றன. பதினெட்டாம் நூற்றாண்டில் பித்தக் கற்களிலிருந்தே இது முதலில் பிரித்தெடுக்கப்பட்டது. 1815-ஆம் ஆண்டையொட்டிப் பிரெஞ்சு வேதியியல் அறிஞர் செவ்ரூல் இதற்குக் கிரேக்கச் சொற்களைக் கொண்டு பெயரிட்டார். 'கொலே' என்றால் பித்தம், 'ஸ்டீரியோஸ்' என்றால் திண்மையானது.

விலங்குணவில் மட்டுமே கொலஸ்டிரால் உண்டு. தாவர எண்ணெய் எதிலும் அது இல்லை எனலாம். ஆகவே எண்ணெய்ப் புட்டிகளில் 'கொலஸ்டிரால் அற்றது' என்று பெரிய எழுத்தில் அச்சிடுவது உண்மையே ஆயினும் பயனற்ற உண்மை. அவ்வாறு அச்சிட்ட எண்ணெயும் உண்பவர் இரத்தத்தில் கொலஸ்டிராலை உயர்த்தக்கூடும். அது எவ்வாறு என்பது பின்னர் விளங்கும். நம் உடலிலுள்ள கொலஸ்டிராலில் பெரும்பகுதி உணவிலிருந்து வருவதன்று. உடலே, சிறப்பாக ஈரல், அதனைத் தயாரித்துக்கொள்கிறது.

நீரில் கரையாத பொருள் இரத்தத்தில் செல்ல வேண்டுமாயின் அதற்கு ஒரு வாகனம் வேண்டும். கொழுப்பும் புரதமும் சேர்ந்த நுண்ணிய உருண்டைகளே அவ்வாகனங்கள். அவற்றுள் குறை அடர்த்தி உடையதற்கு எல்.டி.எல். என்றும், மிகை அடர்த்தி உடையதற்கு எச்.டி.எல். என்றும் பெயர். எல்.டி.எல். உருண்டைகள் இரத்தத்தில் மிகுந்து நெடுங்காலம் சுற்றிக்கொண்டிருப்பின் தமனிகளின் உட்சுவருக்குள் நுழைந்து தங்கிவிடுகின்றன. அவற்றை அகற்ற வரும் வெள்ளணுக்கள் அவற்றை விழுங்கி, கொழுத்து, அங்கேயே மடிகின்றன. இவ்வாறு பத்து, இருபது, முப்பது ஆண்டுகளில் சுவரில் ஒரு படிவு வளர்கிறது. ஒருநாள் அப்படிவின் மேற்பரப்பு வெடித்து, அதன்மேல் இரத்தம் உறைந்து, குழாயை அடைத்துவிடுகிறது. இருதயத் தமனியில் இது நேரின் மாரடைப்பு. மூளைத் தமனியில் நேரின் பக்கவாதம். அளவைப்போலவே காலமும் இதில் முக்கியம் என்பதை நினைவிற் கொள்க.

முயலும் எலியும்

1913-இல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் நிக்கோலாய் அனிச்கோவ் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்த தூய கொலஸ்டிராலை முயல்களுக்கு ஊட்டினார். அவற்றின் தமனிகளில் மனிதர்க்கு உண்டாவதை ஒத்த படிவுகள் தோன்றின. தூய எண்ணெய் மட்டும் உண்ட முயல்களுக்கு அவை தோன்றவில்லை. ஆனால் இதே சோதனையை எலியிடமும் நாயிடமும் செய்தபோது எதிர்பார்த்த பலன் கிட்டவில்லை. இதனைக் கொண்டு பலர் அனிச்கோவின் முடிவைப் பல்லாண்டுக் காலம் பொருட்படுத்தாது விட்டனர்.

முயலுக்கும் எலிக்கும் இடையே உள்ள இவ்வேற்றுமையே கற்கத்தக்கது. உணவில் எவ்வளவு கொலஸ்டிரால் வந்தது என்பதைவிட, வந்ததை ஈரல் எவ்வாறு கையாளுகிறது என்பதே இரத்தத்திலுள்ள அளவை நிர்ணயிக்கிறது. எலியின் ஈரல் மிகுதியைப் பித்தமாக மாற்றிக் கழித்துவிடுகிறது. முயலின் ஈரலால் அது இயலுவதில்லை. மனிதரிடத்தும் ஆளுக்கு ஆள் இத்தகைய வேறுபாடு உண்டு. ஒரே வீட்டில் ஒரே சமையலை உண்ணும் இருவரின் பரிசோதனை முடிவுகள் பெரிதும் வேறுபடுவது இதனாலேயே.

ஈரலின் வாயில்கள்

இதன் மறைபொருளை விளக்கியவர்கள் அமெரிக்காவில் டல்லாஸ் நகரில் பணியாற்றிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டைன் என்னும் இரு மருத்துவர்கள். பரம்பரையாக மிக உயர்ந்த கொலஸ்டிரால் உள்ள குடும்பங்களை அவர்கள் ஆராய்ந்தனர். அந்நோய்க்குரிய மரபுக்கூற்றைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்ற குழந்தைகளுக்கு, இரத்தத்தில் கொலஸ்டிரால் 100 மி.லி.க்கு 600 முதல் 1000 மி.கி. வரை காணப்படும்; பள்ளிப் பருவத்திலேயே மாரடைப்பு நேர்வதுண்டு. உணவைக் குறை கூறி விளக்க இயலாத நோய் அது.

அவர்கள் தோலிலிருந்து எடுத்த உயிரணுக்களைக் கண்ணாடிக் கலங்களில் வளர்த்தனர். நலமுள்ளவர்களின் அணுக்களுக்கு எல்.டி.எல். கொடுத்தால், அவை அதனை உள்வாங்கிக்கொண்டு, தாமே கொலஸ்டிரால் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டன. நோயுற்ற குழந்தைகளின் அணுக்களோ எவ்வளவு கொடுத்தும் தயாரிப்பை நிறுத்தவில்லை. வெளியில் எல்.டி.எல். இருப்பதே அவற்றுக்குத் தெரியவில்லை. காரணம், எல்.டி.எல்.-ஐப் பற்றி உள்ளே இழுக்கும் ஏற்பி என்னும் புரதம் அவ்வணுக்களின் மேற்பரப்பில் இல்லாமையே. இக்கண்டுபிடிப்புக்காக 1985-இல் இருவருக்கும் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வேற்பிகளை ஈரலின் வாயில்கள் எனலாம். ஒவ்வோர் ஏற்பியும் ஓர் எல்.டி.எல். உருண்டையைப் பற்றி உள்ளே கொண்டு சேர்த்துவிட்டு, சுமார் பத்து நிமிடத்தில் மீண்டும் மேற்பரப்புக்கு வந்துவிடுகிறது. ஈரல் அணுவினுள் கொலஸ்டிரால் குறைந்தால், அது புதிய ஏற்பிகளைச் செய்து வெளியே நிறுத்துகிறது, இரத்தத்திலிருந்து எல்.டி.எல். விரைவாக அகற்றப்படுகிறது. உள்ளே கொலஸ்டிரால் நிறைந்திருந்தால் வாயில்கள் குறைகின்றன, இரத்தத்தில் எல்.டி.எல். தேங்குகிறது. உணவு, நார்ப்பொருள், மாத்திரை ஆகியவற்றுள் எதுவாயினும் எல்.டி.எல்.-ஐக் குறைப்பது பெரும்பாலும் இவ்வாயில்களைத் திறப்பதன் வழியாகவே. வாயில் திறந்திருக்கும் வரைதான் பலன் உண்டு.

உணவு செய்வது என்ன?

முட்டையின் மஞ்சட்கருவில் ஏறத்தாழ 200 மி.கி. கொலஸ்டிரால் உண்டு. ஆயினும், பெரும்பாலோரிடம் உணவிலுள்ள கொலஸ்டிராலைவிடப் பூரிதக் கொழுப்பே இரத்தத்தின் எல்.டி.எல்.-ஐ மிகுதியாக உயர்த்துகிறது. பூரிதக் கொழுப்பு ஈரலின் ஏற்பிகளைக் குறைக்கிறது. 1965-இல் அமெரிக்காவில் ஆன்ஸெல் கீஸ் குழுவினரும் ஹெக்ஸ்டெட் குழுவினரும் தனித்தனியே, ஒரே மனிதர்களுக்கு வெவ்வேறு கொழுப்புகளை அளந்து ஊட்டிச் சோதித்தனர். பூரிதக் கொழுப்பு உயர்த்தும் அளவு, பல்லபூரிதக் கொழுப்பு தாழ்த்தும் அளவைப்போல் ஏறத்தாழ இருமடங்கு என்று இருசாராரும் கண்டனர்.

நம் நாட்டுச் சமையலறைகளில் இது பலவாறு அமைகிறது. தேங்காய் எண்ணெயில் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்ட பங்கும், நெய்யில் அறுபதை ஒட்டியும், பாமாயிலில் ஏறத்தாழப் பாதியும் பூரிதக் கொழுப்பாகும். கடலை எண்ணெயிலும் தவிட்டு எண்ணெயிலும் இருபதையொட்டியும், நல்லெண்ணெயில் பதினைந்தையொட்டியும், சூரியகாந்தி, கடுகு எண்ணெய்களில் அதற்கும் குறைவாகவும் அமையும். நாளொன்றுக்கு 2000 கலோரி உண்பவர் பூரிதக் கொழுப்பை அதில் பத்தில் ஒரு பங்குக்குள் அடக்க வேண்டுமாயின், 22 கிராமுக்கு மேல் உண்ணலாகாது. பால், தயிர், இறைச்சி, தின்பண்டங்கள் யாவும் இக்கணக்கினுள் அடங்கும். பாமாயில் பெரும்பாலும் வீட்டுப் புட்டியில் வருவதைவிட பிஸ்கட், மிக்சர், கடைப் பலகாரம் ஆகியவற்றின் உள்ளே மறைந்தே வருகிறது. ஆகவே "எந்த எண்ணெய் பயன்படுத்துகிறீர்கள்?" என்று மட்டும் கேட்கும் ஊழியர் பாதி விவரத்தையே பெறுவார்.

நெய்யை விட்டுவிட்டு வனஸ்பதிக்கு மாறுவது தீமையிலிருந்து பெருந்தீமைக்குச் செல்வதாகும். திரவ எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டிப்படுத்தும் முறைக்கு 1902-இல் ஜெர்மானியரான வில்ஹெல்ம் நார்மன் காப்புரிமை பெற்றார். இம்முறையை முற்றுப்பெறாது நிறுத்தும்போது மாறுபக்கக் கொழுப்பு, அதாவது டிரான்ஸ் கொழுப்பு, உண்டாகிறது. எல்.டி.எல்.-ஐ உயர்த்துவதோடு எச்.டி.எல்.-ஐயும் தாழ்த்துவது இதன் தனிக்கேடு என்பது 1990-இல் ஹாலந்து நாட்டில் நடந்த சோதனையில் வெளிப்பட்டது. இந்தியாவில் எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் இதன் உச்ச அளவு 2021-இல் நூற்றுக்கு மூன்றாகவும், 2022 ஜனவரி முதல் இரண்டாகவும் குறைக்கப்பட்டது. சட்டம் நல்லதே. ஆயினும் ஒரே எண்ணெயைப் பன்முறை காய்ச்சிப் பயன்படுத்தும் தெருக்கடையின் வாணலியை அது எளிதில் எட்டுவதில்லை.

விடுவதைப்போலவே சேர்ப்பதும் முக்கியம். ஆனால் மக்களிடம் பேசும்போது இது பெரும்பாலும் மறக்கப்படுகிறது. பார்லி, ஓட்ஸ், ராஜ்மா, கொண்டைக்கடலை, வெண்டைக்காய், கொய்யா, வெந்தயம், குஜராத்தில் மிகுதியாக விளையும் இசப்கோல் ஆகியவற்றில் நீரில் கரையும் நார்ப்பொருள் உண்டு. அது குடலில் கூழாகிப் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு மலத்துடன் வெளியேற்றுகிறது. இழந்த பித்தத்தை ஈடுசெய்ய ஈரல் தன்னிடமுள்ள கொலஸ்டிராலைச் செலவிடுகிறது. உள்ளிருப்புக் குறையவே வாயில்கள் திறக்கின்றன. ஓட்ஸிலோ பார்லியிலோ உள்ள இந்நார் நாள்தோறும் 3 கிராம் சேர்ந்தால் எல்.டி.எல். ஏறத்தாழ ஐந்து சதவீதம் தாழும். பூண்டையும் வெந்தயத்தையும் உணவாகக் கொள்வது நன்றே. மாத்திரைக்கு மாற்றாகக் கொள்வது தவறு.

மேற்கூறிய மாற்றங்கள் யாவற்றையும் ஒருவர் ஒழுங்காகக் கைக்கொண்டால் எல்.டி.எல். பொதுவாகப் பத்து முதல் பதினைந்து சதவீதம் குறையும் என எதிர்பார்க்கலாம். முட்டையை மட்டும் விட்டவர் எண் இறங்கவில்லை என்று வருந்துவதன் காரணம் இப்போது விளங்கும். அவர் விட்டது சிறியது, விடாதது பெரியது, ஈரலின் பரம்பரை இயல்போ அவர் கையில் இல்லாதது.

இந்தியரின் நிலை

1967-இல் டாக்டர் எஸ். எல். மல்ஹோத்ரா இந்திய ரயில்வே ஊழியர்களிடையே நடத்திய ஆராய்ச்சியை வெளியிட்டார். கொழுப்பை, அதிலும் பாற்கொழுப்பை, மிகுதியாக உண்ட வடநாட்டாரைவிடக் குறைவாக உண்ட தென்னாட்டாரிடமே இருதய நோய் மிகுதி என்பது அதன் முடிவு. நெய்யால் கேடில்லை என்பதற்கு இதனை இன்றும் சிலர் சான்று காட்டுவர். உழைப்பு, உடல் எடை, எண்ணெய் வகை, தானியம் எனப் பலவும் வேறுபடும் இரு மக்கட் கூட்டங்களை ஒப்பிட்டு, ஒரு பொருளை மட்டும் குற்றவாளி என்றோ நிரபராதி என்றோ கூற இயலாது. எனினும், கொழுப்பைத் தவிர வேறு காரணங்களும் உண்டு என்பதை அது முன்கூட்டியே சுட்டிக் காட்டியது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு பகுதிகளில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2014-இல் வெளியாயின. மொத்தக் கொலஸ்டிரால் மிகுந்தோர் நூற்றுக்கு 13.9 பேர், டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பு மிகுந்தோர் 29.5 பேர், எச்.டி.எல். குறைந்தோர் 72.3 பேர். இது பெரும்பாலும் எண்ணெயால் வருவதன்று. தீட்டிய அரிசி, மைதா, சர்க்கரை ஆகியவை மிகுந்த உணவும், உட்கார்ந்தே செய்யும் தொழிலும், வயிற்றுப் பருமனும், புகையிலையும் இதற்குக் காரணங்கள். எண்ணெயைக் குறைத்தவர் பசி தீர அதற்கு ஈடாகச் சோற்றையும் சப்பாத்தியையும் கூட்டினால், டிரைகிளிசரைடு உயர்வதே பலனாகும். அவ்விடத்தைப் பயறும் காய்கறியும் நிலக்கடலையும் நிரப்ப வேண்டும். வாரத்தில் 150 நிமிடம் விரைந்து நடப்பதும், புகையை விடுவதும், எடை குறைவதும் எல்.டி.எல்.-ஐவிட இவ்விரு எண்களையே மிகுதியாகச் சீர்ப்படுத்தும். இருதயத்துக்கு வேறு பல வகைகளிலும் நன்மை தரும்.

எச்.டி.எல். 'நல்ல கொலஸ்டிரால்' எனப்படுவதால் அதனை மருந்தால் உயர்த்த முயன்றதும் உண்டு. டோர்செட்ராபிப் என்னும் மருந்து அதனை வெகுவாக உயர்த்தியது; ஆனால் அதை உண்டோரிடையே மரணம் மிகுந்தமையால் 2006-இல் சோதனையே நிறுத்தப்பட்டது. எச்.டி.எல். எண் ஓர் அடையாளமே. சிகிச்சையின் குறி எல்.டி.எல்.

சீட்டைப் படிக்கும் முறை

பல ஆய்வுக்கூடங்கள் எல்.டி.எல்.-ஐ நேரே அளவிடுவதில்லை. 1972-இல் ஃப்ரீட்வால்ட் என்பவர் வெளியிட்ட வாய்பாட்டால் கணக்கிடுகின்றன. மொத்தக் கொலஸ்டிராலிலிருந்து எச்.டி.எல்.-ஐயும், டிரைகிளிசரைடின் ஐந்தில் ஒரு பங்கையும் கழிக்க வேண்டும். ஒருவருக்கு மொத்தம் 236, எச்.டி.எல். 38, டிரைகிளிசரைடு 190 எனக் கொள்வோம். 190-இல் ஐந்தில் ஒன்று 38. ஆகவே எல்.டி.எல். 236 − 38 − 38 = 160 மி.கி. டிரைகிளிசரைடு 400-க்கு மேற்பட்டால் இவ்வாய்பாடு பயன்படாது. மேல்வகுப்பு மாணவர்க்கு ஆசிரியர் இதனைக் கணக்காகக் கொடுக்கலாம்.

எவ்வளவு இருக்கலாம் என்பது ஆளைப் பொறுத்தது. 2024-இல் இந்திய இருதயவியல் சங்கம் வெளியிட்ட நெறிமுறைப்படி, ஆபத்துக் குறைந்த பொதுமக்களுக்கு எல்.டி.எல். 100-க்குக் கீழும், நீண்டகால நீரிழிவு போன்ற மிகை ஆபத்து உள்ளோர்க்கு 70-க்குக் கீழும், முன்னரே மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்க்கு 55-க்குக் கீழும் இருத்தல் வேண்டும். ஆகவே 95 என்னும் எண் ஒருவருக்கு நன்று, மற்றொருவருக்குப் போதாது. ஆய்வுக்கூடத்தின் சீட்டில் 'இயல்பளவு' என்று அச்சிட்டிருப்பது இவ்வேறுபாட்டை அறியாது.

அரிசியிற் பூத்த பூஞ்சணம்

1971-இல் ஜப்பானில், டோக்கியோவின் சாங்கியோ கம்பெனியில் பணியாற்றிய அகிரா எண்டோ, பூஞ்சணங்களுள் சில தம் பகைக் கிருமிகளை அழிக்க, ஸ்டிரால் உற்பத்தியைத் தடுக்கும் பொருள்களைச் சுரக்கக்கூடும் என்று கருதினார். சுமார் 6000 வகைகளைச் சோதித்தபின், கியோட்டோ நகரத் தானியக் கடை ஒன்றின் அரிசியிலிருந்து கிடைத்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில், 1973-இல் அத்தகைய பொருளைக் கண்டார். அதற்குக் காம்பாக்டின் என்று பெயர். எலிக்குக் கொடுத்தபோது அது கொலஸ்டிராலைக் குறைக்கவில்லை. அனிச்கோவைக் கைவிட்ட எலி எண்டோவையும் கைவிட்டது. திட்டமே கைவிடப்படும் நிலையில், 1976-இல் அவர் முட்டையிடும் கோழிகளிடம் அதனைச் சோதித்தார். கொலஸ்டிரால் பாதியளவு வரை வீழ்ந்தது. 1978-இல் ஒசாகாவில் டாக்டர் அகிரா யமமோட்டோ பரம்பரை நோயாளிகளுக்கு அதனைக் கொடுத்துப் பயன் கண்டார். இவ்வினத்தின் மற்றொரு மருந்தான லோவாஸ்டாட்டின் 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

ஸ்டாட்டின்கள் எனப்படும் இம்மருந்துகள், ஈரலில் கொலஸ்டிரால் தயாரிப்பின் முக்கியப் படியை நடத்தும் நொதியைத் தடுக்கின்றன. தயாரிப்புக் குறையவே ஈரல் மேலும் வாயில்களைத் திறக்கிறது. இருதய நோயுள்ள 4444 பேரிடம் ஸ்காண்டிநேவிய நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 1994-இல் வெளியாயிற்று. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில், வெறும் மாத்திரை பெற்ற பாதிப்பேரில் 256 பேரும், சிம்வாஸ்டாட்டின் பெற்ற பாதிப்பேரில் 182 பேரும் இறந்தனர். பின்னர் நடந்த பல சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், எல்.டி.எல். ஏறத்தாழ 39 மி.கி. குறையுந்தோறும் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை ஐந்தில் ஒரு பங்கு குறைவது புலனாயிற்று.

உணவும் மருந்தும் ஒன்றுக்கொன்று போட்டி என்று எண்ணுவோர்க்கு முன்காட்டிய 160 என்னும் எண்ணே விடை கூறும். நடுத்தர அளவு ஸ்டாட்டின் அதனை 37 சதவீதம் குறைப்பதாகக் கொண்டால் 101 ஆகும். மருந்தை இருமடங்காக்கினால் கூடுதலாகக் கிடைப்பது சுமார் 6 சதவீதமே. எண் 91 ஆகும். மருந்தை இருமடங்காக்காமல், உணவால் முதலில் பத்து சதவீதம் குறைத்து 144-க்குக் கொண்டுவந்திருந்தால், அதே பழைய அளவு மருந்தில் எண் 91-ஐ எட்டும். அதாவது, வீட்டுச் சமையலில் செய்த மாற்றம் இருமடங்கு மருந்துக்குச் சமம். ஆயினும் உணவு மட்டுமே 160-ஐ 70-க்குக் கொண்டுவராது என்பதையும் இக்கணக்கே காட்டுகிறது. ஸ்டாட்டின் போதாதபோது, குடலில் கொலஸ்டிரால் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸெடிமைப் சேர்க்கப்படுகிறது. ஏற்பிகள் அழிக்கப்படாமல் காக்கும் ஊசி மருந்துகள் 2015 முதல் வந்துள்ளன. அவற்றின் விலை மிகுதி.

மருந்தைப் பற்றிய அச்சம்

தசைவலி என்பதே மக்கள் மிகுதியாகக் கூறும் குறை. லண்டனில் நடந்து 2020-இல் முடிவு வெளியான ஒரு சோதனையில், வலியின் காரணமாக ஸ்டாட்டினை நிறுத்தியிருந்த 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டாட்டினும், சில மாதங்கள் மருந்தற்ற போலி மாத்திரையும், சில மாதங்கள் ஒன்றுமின்றியும், எது எது என அறியாவண்ணம் மாற்றி மாற்றிக் கொடுக்கப்பட்டன. ஸ்டாட்டின் உண்ட மாதங்களில் தோன்றிய தொல்லையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு போலி மாத்திரை உண்ட மாதங்களிலும் தோன்றியது. வலி பொய்யன்று, அதன் காரணம் பெரும்பாலும் மருந்தன்று. எனவே வலி என்பவரை ஏளனம் செய்யாமல், தானே நிறுத்தவும் விடாமல், மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும். அளவைக் குறைத்தோ மருந்தை மாற்றியோ அவர் பார்ப்பார். கடுந்தசைவலியுடன் சிறுநீர் கருஞ்சிவப்பாக வெளியேறுமாயின் அது மிக அரிதான, ஆனால் அன்றே கவனிக்க வேண்டிய, அபாயம்.

நீரிழிவு சற்று மிகுதியாகத் தோன்றுவதும் உண்மையே. 255 பேர் நான்காண்டுகள் உண்டால் ஒருவருக்குக் கூடுதலாக அது தோன்றுகிறது என 2010-இல் கணக்கிடப்பட்டது. அவர்களும் பெரும்பாலும் நீரிழிவின் எல்லையில் இருந்தவர்களே. தடுக்கப்படும் மாரடைப்புகள் இதனினும் மிகுதி. கருத்தரிக்க விரும்பும் பெண்களும் கருவுற்றவர்களும் மருத்துவரைக் கேளாமல் உண்ணலாகாது. கிளாரித்ரோமைசின் போன்ற சில மருந்துகள் சில ஸ்டாட்டின்களின் வீரியத்தை ஆபத்தாக உயர்த்துமாகையால், வேறு நோய்க்கு மருந்து பெறும்போதும் இதனைத் தெரிவிக்க வேண்டும். சிம்வாஸ்டாட்டினை இரவில் உண்பது வழக்கம். அட்டோர்வாஸ்டாட்டினை எந்நேரமும் உண்ணலாம்.

குடும்பத்தைப் பார்த்தல்

டல்லாஸ் ஆராய்ச்சியாளர் கண்ட மரபுக்கூற்றைப் பெற்றோருள் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர், உலகில் சுமார் 250 பேருக்கு ஒருவர். அவர்களுக்கு வாயில்களில் பாதியே உண்டு. எல்.டி.எல். 190-க்கு மேற்பட்டிருப்பதும், குதிகால் நரம்பு தடித்திருப்பதும், விரல் முட்டுகளில் மஞ்சள் நிறக் கட்டிகள் இருப்பதும், குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் மாரடைப்பால் மாண்டோர் இருப்பதும் இதன் அடையாளங்கள். சிகிச்சை இல்லையேல் ஆண்கள் நாற்பது ஐம்பது வயதுக்குள்ளேயே மாரடைப்புக்கு ஆளாகின்றனர். இளமையில் தொடங்கினால் ஏனையோரைப்போல் வாழ இயலும். தந்தையை இளவயதில் மாரடைப்புக்குப் பறிகொடுத்த மாணவன் வகுப்பில் இருப்பின், அவனையும் அவன் உடன்பிறந்தோரையும் ஒருமுறை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பும்படி வீட்டாரிடம் சொல்லக்கூடியவர் பல ஊர்களில் ஆசிரியர் ஒருவரே.

நிறுத்தலாமா என்னும் வினா

எண் இறங்கியது, மாத்திரை ஈரலின் வாயில்களைத் திறந்துவைத்திருப்பதால். நிறுத்தினால் சில வாரங்களுக்குள் அவை பழைய எண்ணிக்கைக்கே திரும்பும். எண்ணும் பழைய அளவுக்கே ஏறும். கூரை ஒழுகவில்லை என்று மழைக்காலத்தில் ஓட்டைப் பிரிப்பார் இல்லை. நன்றாக எடை குறைத்தவரோ உணவை மாற்றியவரோ மருத்துவரிடம் அளவைக் குறைக்கும்படி கேட்கலாம். முன்னரே மாரடைப்பு வந்தவருக்கு அதுவும் பெரும்பாலும் பொருந்தாது.

மருந்தைத் தொடங்கியோ மாற்றியோ நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களில் மறுபரிசோதனை செய்து, அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். வீட்டுக்குச் செல்லும் ஊழியர் "மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டால் "ஆம்" என்றே விடை வரும். மாத்திரை அட்டையை எடுத்துவரச் சொல்லி, வாங்கிய தேதியையும் எஞ்சிய மாத்திரைகளையும் பார்த்துப் பதிவேட்டில் குறித்துக்கொள்வது நல்லது. பாதிக்குமேல் எஞ்சியிருந்தால், காரணம் மறதியா, அச்சமா, அல்லது மருந்து வாங்கப் பணமின்மையா என்பதை அவ்விடத்திலேயே கேட்டறிய வேண்டும். பணமின்மையாயின், இந்திய அரசின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் அட்டோர்வாஸ்டாட்டின் இடம்பெற்றிருப்பதைக் கூறி, அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்கு அனுப்பலாம்.